முகத்தில் வறண்ட சிவப்புத் திட்டு: க்ரீம் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

என் அக்காவுக்கு இடது கன்னத்தில், காதுக்குச் சற்று முன்னால், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு திட்டு வந்தது. வறண்டு லேசாகச் செதில் உதிரும், சாயங்காலமானால் நமைச்சல் எடுக்கும். தெருமுனை மருந்துக் கடையில் "முகத்துல அலர்ஜி மாதிரி இருக்கு" என்று சொல்லி ஒரு ட்யூப் வாங்கி வந்தாள். மூன்றே நாளில் சிவப்பு போயே போய்விட்டது. நிறுத்திய பத்து நாளில் திரும்பி வந்தது, முன்பைவிடப் பெரிதாக. மறுபடி அதே ட்யூப். இப்படியே எட்டு மாதம் ஓடியது. கடைசியில் தோல் மருத்துவரிடம் போனபோதுதான் அது அலர்ஜியே இல்லை, படர்தாமரை என்று தெரிந்தது. அந்த ட்யூபில் இருந்தது ஸ்டீராய்டு. அது சிவப்பை அடக்கி வைத்துவிட்டு, உள்ளே பூஞ்சையைத் தாராளமாக வளரவிட்டிருக்கிறது.

நான் மருத்துவர் இல்லை. அந்த எட்டு மாதத்துக்குப் பிறகு தேடிப் படித்தும், மருத்துவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். முகத்தில் வறண்டு சிவந்த திட்டு என்பது ஒரு நோயின் பெயர் இல்லை. பத்துப் பன்னிரண்டு வேறு வேறு காரணங்கள் அதே முகத்தோடு வந்து நிற்கும். ஒன்றுக்கு நல்லது செய்யும் மருந்து இன்னொன்றைக் கெடுக்கும். ஆகவே எதையும் தடவும் முன் இரண்டு நாள் அதை உற்றுப் பார்ப்பதுதான் முதல் வைத்தியம்.

படி 1: இப்போது என்ன தடவுகிறீர்கள்?

திட்டைப் பார்க்கும் முன் அலமாரியைப் பாருங்கள். முகத்தில் படும் எல்லாவற்றையும் ஒரு மேசைமேல் எடுத்து வையுங்கள். சோப்பு, ஃபேஸ் வாஷ், சிவப்பழகு க்ரீம், சன்ஸ்க்ரீன், தலைச்சாயம், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், பொட்டு, குங்குமம், ஷேவிங் க்ரீம், யாரோ கொடுத்த ட்யூப் எல்லாமே.

ட்யூபைத் திருப்பி, சின்ன எழுத்தில் உள்ள மருந்துப் பெயர்களைப் படியுங்கள். பீட்டாமெதசோன், மொமெட்டசோன், ஃப்ளூட்டிகாசோன், பெக்லோமெதசோன் என்று 'சோன்' என முடியும் பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. க்ளோபெட்டசால் 'சோன்' என்று முடியாது, ஆனால் எல்லாவற்றிலும் வீரியமானது அதுதான். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பல ட்யூப்களில் ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, ஆன்டிபயாடிக் மூன்றும் ஒன்றாகக் கலந்திருக்கும். எந்த நோயாக இருந்தாலும் ஏதாவது ஒன்று கேட்கும் என்ற கணக்கில் போட்ட கலவை அது. மங்குக்குக் கொடுக்கும் க்ரீம்கள் சிலவற்றில் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயினோடு மொமெட்டசோனும் சேர்ந்திருக்கும். முகம் பளிச்சென்று ஆகிறதே என்று அதையே பல மாதம் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள்.

2011-இல் இந்தியத் தோல் மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. முகத் தோல் பிரச்சினையோடு வந்த 2926 பேரைப் பார்த்ததில், 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு க்ரீம் தடவிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அதைச் சொன்னது மருத்துவர் இல்லை. 2018-இல் மத்திய அரசு 14 மேற்பூச்சு ஸ்டீராய்டுகளை மருந்துச் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற பட்டியலுக்குள் கொண்டு வந்தது. ஆனாலும் சீட்டு இல்லாமல் வாங்குவது நின்றபாடில்லை.

முகத்தில் ஸ்டீராய்டு மாதக்கணக்கில் பட்டால் தோல் மெலிந்துபோகும், நுண்ணிய ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், பருவும் முடியும் முளைக்கும். வெயிலில் இறங்கினாலோ அடுப்படியில் நின்றாலோ முகம் எரியும். நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் முன்பைவிட மோசமாகச் சிவந்து வறண்டு உரியும். அதற்குப் பயந்து மறுபடி தடவுவார்கள். இதற்கென்றே 'ஸ்டீராய்டால் கெட்ட முகம்' என்று நம் நாட்டு மருத்துவர்கள் தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு இந்தச் சுழற்சி பழக்கமாகத் தோன்றினால், மற்ற காரணங்களைத் தேட வேண்டாம், இதையே முதல் சந்தேகமாக வையுங்கள். ஆனால் பல மாதம் தடவியவர்கள் தாமாக ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். எப்படிக் குறைப்பது, இடையில் எதைத் தடவுவது என்பதை மருத்துவரோடு சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

படி 2: காலை வெளிச்சத்தில் கண்ணாடி

குளியலறை பல்பு வெளிச்சத்தில் எதுவும் சரியாகத் தெரியாது. ஜன்னல் ஓரமாக, பகல் வெளிச்சத்தில், முகம் கழுவி ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எதுவும் தடவியிருக்கக் கூடாது. போனில் நேராக ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என மூன்று படம் எடுத்து வையுங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். புத்தகங்களிலும் இணையத்திலும் உள்ள படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. அதில் தக்காளிச் சிவப்பாகத் தெரியும் அழற்சி, மாநிறத் தோலில் செம்பு நிறமாகவோ அடர் பழுப்பாகவோ தெரியும். கறுத்த தோலில் ஊதா கலந்த கருமையாகவோ சாம்பல் பூத்தது போலவோ இருக்கும். "எனக்குச் சிவக்கவே இல்லையே, வெறும் கருப்புத் திட்டுதானே" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நிறத்தை நம்பாமல், அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக, தடிப்பாக, சொரசொரப்பாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

படி 3: எந்த இடத்தில் இருக்கிறது?

பாதி விடை இதில்தான் இருக்கிறது.

மூக்கின் இரு பக்க மடிப்பு, புருவம், புருவ நடு, காதுக்குள்ளும் பின்னாலும், ஆண்களுக்குத் தாடி மீசைக்கு அடியில். இங்கெல்லாம் சிவந்து, லேசாக மஞ்சள் பூத்த பிசுபிசுப்பான செதில் இருந்தால், பெரும்பாலும் அது முகத்துக்கு இறங்கிய பொடுகு. செபோரிக் டெர்மடைட்டிஸ் என்பார்கள். எல்லோர் தோலிலும் வாழும் மலசீசியா என்ற ஈஸ்ட்டும், அதற்கு நம் தோல் காட்டும் எதிர்ப்பும் சேர்ந்து செய்யும் வேலை. தூக்கம் கெட்டால், மன அழுத்தம் கூடினால், பனிக்காலம் வந்தால் அதிகமாகும்.

இதை வறட்சி என்று நினைத்து எண்ணெய் தடவுவதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது. மலசீசியா தோலின் கொழுப்பைத் தின்று வாழ்வது. ஆய்வகத்தில் அதை வளர்க்க ஆலிவ் எண்ணெய் ஊற்றுவார்கள் என்று படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வறண்டு தெரிகிறதே என்று இரவில் முகத்தில் எண்ணெய் தேய்த்துப் படுப்பது அதற்குச் சோறு போடுவது போலத்தான். இதற்கு வழக்கமான மருந்து கீட்டோகோனசோல். முதலில் தலையைக் கவனிக்க வேண்டும். 2 சதவீத ஷாம்பூவை வாரம் இரண்டு முறை தலையில் தேய்த்து, 5 நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். தலையில் பொடுகை வைத்துக்கொண்டு முகத்துக்கு மட்டும் மருந்து போட்டால் திரும்பத் திரும்ப வரும். முற்றாகப் போய்விடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அடங்கும், பிறகு எப்போதாவது எட்டிப் பார்க்கும்.

கண் இமையில் மட்டும் வறண்டு சுருங்கிச் சிவந்தால், இமையைவிட்டு விரல்களைப் பாருங்கள். உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமைத் தோல்தான். நகப்பூச்சு அலர்ஜி பல நேரம் விரலில் தெரியாது, கை பட்ட இமையில்தான் தெரியும். ஷாம்பூ, தலைச்சாயம், கண் மை, வாசனைத் திரவியம் எல்லாமே இமையில் முதலில் காட்டும்.

நெற்றி முடியோரம், காது மடல், பின்கழுத்து என்று வளைத்து அரித்தால் தலைச்சாயத்தைச் சந்தேகியுங்கள். கருப்புச் சாயங்களில் உள்ள பிபிடி என்ற பொருள்தான் பெரும்பாலும் காரணம். பத்து வருஷமாகப் போட்ட அதே சாயம் பதினோராவது வருஷம் ஒத்துக்கொள்ளாமல் போகும். அலர்ஜி அப்படித்தான், பழகிய பொருளிடமே வரும். திருமணங்களில் சீக்கிரம் சிவக்கும், கருக்கும் என்று இடும் கருப்பு மருதாணியிலும் பிபிடி கலப்பதுண்டு. அதில் ஒருமுறை ஒவ்வாமை வந்தவருக்குப் பிறகு தலைச்சாயமும் ஆகாது.

நெற்றி நடுவில் பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் வட்டமாக அரித்தால் ஸ்டிக்கர் பொட்டின் பசையைப் பாருங்கள். சில பசைகளால் அந்த இடம் வெளுத்தும் போகும். மூக்குத் தண்டிலும் காதின் மேலும் இருந்தால் கண்ணாடி ஃப்ரேமின் நிக்கல்.

கன்னம், மூக்கு, தாடை நடுப்பகுதி சிவந்து, சூடான காபி, காரமான குழம்பு, வெயில், மது இவற்றுக்கெல்லாம் முகம் குப்பென்று சூடேறினால் ரோசேசியா என்ற நாள்பட்ட தோல் நோயாக இருக்கலாம். பெரும்பாலும் முப்பது வயதுக்கு மேல் தொடங்கும். பரு மாதிரி கொப்புளம் வரும், ஆனால் கரும்புள்ளி இருக்காது. கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தும். நம் நிறத்தில் சிவப்பு தெரியாததால் இதைத் தவறவிடுவது அதிகம். எரிச்சலையும் சூட்டையும்தான் கவனிக்க வேண்டும்.

இன்னொரு இடக் குறிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. மேல் இமை, தாடைக்கு அடி, காதுக்குப் பின்புறம் ஆகிய மூன்றிலும் வெயில் அதிகம் படாது. முகம் முழுக்கச் சிவந்து இந்த மூன்று இடமும் தப்பித்திருந்தால், குற்றவாளி வெயில், அல்லது வெயிலோடு சேர்ந்து வேலை செய்யும் ஏதோ ஒன்று. இந்த மூன்று இடமும் சேர்ந்தே கெட்டிருந்தால், காற்றில் வருவது ஏதோ படிகிறது. நம் தரிசு நிலங்களிலும் சாலையோரங்களிலும் வெள்ளைப் பூவோடு மண்டிக் கிடக்கும் பார்த்தீனியம் செடிதான் இதில் பெயர்பெற்றது. 1950-களில் புனே பக்கம் கண்ணில் பட்டு நாடு முழுக்கப் பரவிய செடி. வயலில் வேலை செய்கிறவர்கள் இதனால் வருஷக்கணக்கில் அவதிப்படுகிறார்கள்.

குழந்தைகளின் கன்னத்தில் முதலில் இளஞ்சிவப்பாக, பிறகு வெளிறி, மாவு பூசியது போல் வரும் திட்டை 'வயிற்றில் பூச்சி' என்பார்கள். பூச்சிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பிட்டிரியாசிஸ் ஆல்பா என்று பெயர், கரப்பான் (எக்ஸிமா) என்ற தோல் அழற்சியின் மிக மெல்லிய வடிவம். ஈரப்பதம் காக்கும் க்ரீமும் வெயில் பாதுகாப்பும் போதும். நிறம் திரும்ப மாதங்கள் ஆகும், அதுவரை பொறுமை வேண்டும்.

படி 4: ஓரம் எப்படி இருக்கிறது?

கரப்பானும் ஒவ்வாமையும் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாதபடி மங்கலாக முடியும். படர்தாமரை அப்படி இல்லை. ஓரம் சற்று உயர்ந்து, செதிலோடு, வளையமாக நகரும். நடுப்பகுதி தெளிந்துகொண்டே வரும். முகத்தில் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும். ஆனால் ஸ்டீராய்டு தடவிய படர்தாமரைக்கு வளையம் கலைந்துவிடும். அக்காவுக்கு அதுதான் நடந்தது. பார்த்தால் சாதாரணக் கரப்பான் மாதிரியே இருந்தது.

அந்த மருத்துவர் செய்த சோதனை ஐந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பிளேடின் ஓரத்தால் திட்டின் விளிம்பில் மெதுவாகச் சுரண்டினார். மாவு மாதிரி உதிர்ந்ததைக் கண்ணாடித் துண்டில் எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, மேலே மெல்லிய கண்ணாடி மூடிக் கொஞ்ச நேரம் வைத்தார். தோல் செல்கள் அதில் கரைந்துவிடும், பூஞ்சை கரையாது. "வாங்கம்மா, நீங்களே பாருங்க" என்று நுண்ணோக்கியை அக்காவிடம் திருப்பினார். நானும் குனிந்து பார்த்தேன். மங்கலான சாம்பல் பரப்பில் கண்ணாடி நூல் போல இரண்டு மூன்று இழைகள், நடுநடுவே கணு விட்டு, கிளை பிரிந்து ஓடின. கேஓஎச் சோதனை என்பார்கள். பெரிய கருவி எதுவும் வேண்டாத சோதனை. எட்டு மாதத்துக்கு முன்பே இதைக் கேட்டிருக்கலாமே என்று அன்றைக்கு முழுக்க மனசு அடித்துக்கொண்டது.

இப்போது நம் நாட்டில் சுற்றும் படர்தாமரை பழைய மாதிரி இல்லை. டெர்பினாஃபைன் என்ற மருந்துக்கு அடங்காத பூஞ்சை இனம் பரவியிருக்கிறது. ஆகவே கடையில் ஏதோ ஒரு பூஞ்சைக் க்ரீம் வாங்கி, ஒரு வாரம் போட்டு நிறுத்துவதில் பயன் இல்லை. மருத்துவர் சொன்ன காலம் முழுக்க மருந்து எடுக்க வேண்டும். வீட்டில் வேறு யாருக்காவது இடுப்பிலோ தொடையிலோ படை இருந்தால் அவர்களுக்கும் சேர்த்தே வைத்தியம் பார்க்க வேண்டும். துண்டு, தலையணை உறை, சீப்பு தனித்தனி. துணிகளை வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயப் போடுங்கள்.

படி 5: தொட்டால் தெரிகிறதா?

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். அரிப்பே இல்லாமல், வறண்டு, செம்பு நிறமாகவோ வெளிறியோ நாள்பட இருக்கும் திட்டு தொழுநோயாக இருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு, பஞ்சு நுனியால் திட்டிலும், மறு கன்னத்தில் அதே இடத்திலும் யாரையாவது தொடச் சொல்லுங்கள். உணர்வு குறைவாக இருந்தால், அந்த இடத்தில் மட்டும் வியர்க்காமல் இருந்தால், காட்டிவிடுங்கள். ஆனால் முகத்துக்கு நரம்புகள் அதிகம் என்பதால் முகத் திட்டில் உணர்வு மிச்சம் இருக்கவும் செய்யும். உணர்வு இருக்கிறதே என்று விட்டுவிட முடியாது. காதுமடல் தடித்திருந்தாலும், கைகாலில் மரத்துப்போன இடம் இருந்தாலும் சந்தேகம் வலுக்கும்.

பெயரைக் கேட்டதும் பயம் வேண்டாம். கூட்டு மருந்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் முழுமையாகக் குணமாகும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அது இலவசம். தள்ளிப்போட்டால்தான் நரம்பு கெடும்.

படி 6: முகத்தைவிட்டு உடம்பைப் பாருங்கள்

முழங்கை, முழங்கால், தலை முடியோரம், தொப்புள் ஆகிய இடங்களில் வெள்ளிச் செதிலோடு தடித்த படை, நகத்தில் ஊசியால் குத்தியது போல் குழிகள் இருந்தால் சோரியாசிஸ், அதாவது காளாஞ்சகப்படை. முழங்கை மடிப்பிலும் முழங்கால் பின்மடிப்பிலும் அரிப்பு, குடும்பத்தில் ஆஸ்துமா, தும்மல், மூக்கொழுகல் இருந்தால் கரப்பான்.

உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் என்ற நோய் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன், காரணம் அது தோலோடு நிற்பதில்லை. இரண்டு கன்னத்திலும் மூக்குத் தண்டிலும் பட்டாம்பூச்சி இறக்கை விரித்தது போல் சிவக்கும். மூக்கோர மடிப்பைத் தொடாமல் விட்டுவிடும். பொடுகு வகை சரியாக அந்த மடிப்பில்தான் உட்காரும் என்று மேலே பார்த்தோம். இந்த ஒரு வித்தியாசம் பெரிய உதவி. வெயிலில் போனால் கூடும். கூடவே மூட்டு வலி, வாய்ப்புண், முடி கொத்தாக உதிர்தல், காரணம் தெரியாத காய்ச்சல், சிறுநீரில் நுரை, முக வீக்கம் இவற்றில் எது இருந்தாலும் ரத்தமும் சிறுநீரும் சோதிக்க வேண்டும். இளம் பெண்களுக்கே அதிகம் வரும். சிறுநீரகத்தைப் பாதிக்கும் நோய் என்பதால், க்ரீம் தடவிக் காத்திருக்கும் விஷயம் இல்லை இது. அதே போல, இமைகள் ஊதா நிறமாகி, மாடிப்படி ஏறவும் கை தூக்கித் தலை வாரவும் முடியாமல் தசை தளர்ந்தால் அதுவும் உடனே பார்க்க வேண்டியது.

படி 7: இரண்டு வாரம் முகத்துக்கு ஓய்வு

மேலே சொன்ன அபாய அறிகுறி எதுவும் இல்லை, ஸ்டீராய்டும் பல மாதம் தடவவில்லை என்றால் இதைச் செய்து பாருங்கள். முகத்தில் போடும் எல்லாவற்றையும் இரண்டு வாரம் நிறுத்துங்கள். எலுமிச்சை, கடலை மாவு, மஞ்சள், பேக்கிங் சோடா, ஸ்க்ரப் எல்லாம் அதில் அடக்கம். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் தீக்காயம் மாதிரி பொத்துக்கொள்ளும், பிறகு கரும்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். இயற்கையானது என்பதற்காக முகத்துக்கு ஆகும் என்று இல்லை.

குளியல் சோப்பு முகத்தில் வேண்டாம். தோலின் மேற்பரப்பு இயல்பாகச் சற்று அமிலத் தன்மை உள்ளது, பிஎச் 5 வாக்கில் இருக்கும். சாதாரண சோப்போ 9, 10. வாசனை இல்லாத, நுரை குறைந்த க்ளென்சர் இரவு ஒரு முறை போதும், காலையில் வெறும் தண்ணீர். வெந்நீர் கூடாது. துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன்பே வாசனையில்லாத மாய்ஸ்சரைசரைத் தடவுங்கள். மிக வறண்ட இடத்தில் மெல்லிசாக வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி போதும், விலையும் குறைவு. வெளியே போனால் துத்தநாக ஆக்சைடு உள்ள சன்ஸ்க்ரீன், தொப்பி அல்லது குடை.

இரண்டு வாரத்தில் தெளிந்தால், நிறுத்தியதில் ஏதோ ஒன்றுதான் காரணம். ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். தடவி அப்படியே விடும் க்ரீம் வகையானால் நேரே முகத்தில் வேண்டாம். முழங்கை மடிப்புக்குக் கீழே ஒரு சின்ன இடத்தில் தினம் இரண்டு முறை, ஒரு வாரம் தடவிப் பாருங்கள். அரிக்காமல் இருந்தால் முகத்துக்குப் போகலாம். இதில் பிடிபடாத ஒவ்வாமைக்கு மருத்துவமனையில் பேட்ச் டெஸ்ட் உண்டு. முதுகில் சின்னச் சின்ன மருந்துப் பட்டைகளை ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, பிறகு ஓரிரு நாளில் மீண்டும் பார்ப்பார்கள். அதுவரை முதுகில் தண்ணீர் படக் கூடாது.

படி 8: மருத்துவரிடம் போகும்போது

இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றாலும், திட்டு பரவினாலும், சீழோ தேன் நிறப் பொருக்கோ வந்தாலும் போய்விடுங்கள். முகம் வீங்கி மூச்சுத் திணறினால், அல்லது காய்ச்சலோடு ஒரு பக்கக் கன்னம் சூடாகி வலியோடு வேகமாகச் சிவந்தால் அன்றைக்கே போக வேண்டும். நெற்றியில் ஒரு பக்கம் மட்டும் எரிந்து கொப்புளம் கிளம்பினால் அது அக்கி. மூக்கு நுனியிலும் கொப்புளம் இருந்தால் கண்ணுக்கும் ஆபத்து. காவி எழுதிக்கொண்டிருக்காமல் கண் மருத்துவரையும் பாருங்கள். ஆறாமல் பல வாரம் நின்று ரத்தம் கசியும் ஒற்றைத் திட்டையும், முக்கியமாக வயதானவர்களுக்கு, காட்டிவிட வேண்டும்.

போகும்போது அந்த மேசைமேல் வைத்த எல்லா ட்யூப்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். தீர்ந்துபோன ட்யூபையும் சேர்த்துத்தான். போனில் எடுத்த படங்களைத் தேதியோடு காட்டுங்கள். சாப்பிடும் மாத்திரைகளையும் சொல்லுங்கள், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் வெயில் ஒவ்வாமையைக் கொண்டுவரும். எதைத் தடவினோம் என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம். படர்தாமரை சந்தேகம் இருந்தால் போகும் முன் பூஞ்சைக் க்ரீம் தடவாதீர்கள், சுரண்டிப் பார்க்கும்போது பூஞ்சை தெரியாமல் போகும். "கேஓஎச் பார்க்கலாமா டாக்டர்?" என்று கேட்பதில் தவறே இல்லை.

அக்காவுக்குத் திட்டு மறைய மூன்று மாதம் ஆனது. ஸ்டீராய்டு தடவிய இடத்தில் தோல் மட்டும் இன்னும் கொஞ்சம் மெலிசாக, பளபளவென்று இருக்கிறது. வெயிலில் போய் வந்தால் அந்த ஒரு வட்டம் மட்டும் எரிகிறது என்கிறாள். அந்தப் பழைய ட்யூபை நான்தான் வாங்கிக் குப்பையில் போட்டேன்.